வட்டத்துக்குள் வைத்த கிளாஸ்

அந்தச் சனிக்கிழமை நான் மேசையை விட்டுப் போயிருந்தது ஏழு நிமிடம். முதலில் நான்கு என்றுதான் நினைத்தேன். கடவுச்சீட்டைத் தேடி மாடிக்கு ஓடியதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது ஏழு வந்தது.

மேசையில் நான்கு சின்னக் கிளாஸ்களில் பியர் இருந்தது. அடுத்த அறையில் என் இரண்டரை வயது மகள் இருந்தாள்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்குள் பியர் வந்ததற்குக் காரணம் என் வேலை. வெளிநாட்டு பியர்களை இறக்குமதி செய்யும் ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே பகுதி நேரமாக எழுதிக்கொடுக்கிறேன். படித்தது இரசாயனம். இந்த பியர் எந்த ஊருடையது, எப்படி மணக்கும், எதனோடு குடிக்கலாம் என்று இணையக் கடைக்கு நாலு வரி எழுதுவது என் பொறுப்பு. இலையுதிர்காலத்தில் ஜெர்மனியில் ஒரு பெரிய பியர் விழா நடக்கும். அதற்கென்றே லாகர் வகை பியர் ஒன்று காய்ச்சுவார்கள். அமெரிக்கர்களும் அதே விழாவின் பெயரில் தங்கள் ஊரில் ஒன்று காய்ச்சுகிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று திங்கட்கிழமைக்குள் எழுத வேண்டும். இதற்கு முன் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தித்தான் கொடுத்திருக்கிறேன். நானே சுவைத்து எழுதப்போவது அதுதான் முதல் தடவை.

எனக்குக் குடிக்கும் பழக்கம் இல்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, சிங்கில் துப்பிவிடுவேன். அன்று புரட்டாதிச் சனி வேறு. காலையில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றியிருந்தேன். துப்பினால் குடித்த கணக்கா இல்லையா என்று பாதி நாள் யோசித்தேன். திங்கட்கிழமைக் கெடுவுக்குச் சனீஸ்வரனைத் தெரியாது என்று கடைசியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளைத் தாளில் பென்சிலால் நான்கு வட்டம் போட்டு, அ, ஆ, இ, ஈ என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸை வைத்தேன். நூறு மில்லிலீற்றர் வீதம் அளந்து ஊற்றினேன். முதல் இரண்டும் ஜெர்மனி, மற்ற இரண்டும் அமெரிக்கா. ஜெர்மன்காரருடையது வைக்கோல் நிறம். அமெரிக்கர்களுடையது பால் கலக்காத நல்ல பிளேன் ரீயின் சிவப்பு. ஈ கிளாஸில் மட்டும் ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டேன். மற்றவை பிரிட்ஜ் குளிரில் மணம் தராமல் இருந்ததால், பத்து நிமிடம் அப்படியே வைத்திருப்போம் என்று நினைத்தேன். அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என் கணவரின் தகப்பன். லண்டனுக்கு வரும் முன் இருபது வருடத்துக்கு மேல் தென் ஜெர்மனியில் இருந்தவர். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அந்த விழாக் கூடாரங்களில் ஒரு லீற்றர் பியர்க் குவளைகளைக் கழுவியவர். குடிக்கப் பழகியதும் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு முன் இரத்தமாக வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் கணவர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

“அப்பா, இனி ஒரு சொட்டு பட்டாலும் பிள்ளையை உங்கட கையில தரமாட்டன். சும்மா சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ.”

அதன் பிறகு மாமா தொடவில்லை. நான் வேலை செய்யும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். முதல் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, இது உங்களுக்குக் கரைச்சலாக இருக்குமா என்று கேட்டேன். “எனக்கென்ன பிள்ளை, சாப்பாட்டுக் கடைப் படத்தைப் பேப்பரில பாக்கிற மாதிரி” என்று சிரித்தார். கேட்டுவிட்டேன் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வாசலில் நின்றவர் இன்னொரு பெட்டி பியர் கொண்டுவந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வயதுக்கு அத்தாட்சி காட்டச் சொன்னார். எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு பிள்ளையின் தாய். ஆனால் லைசன்ஸ் கணவரின் காரில் இருந்தது, அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். “மாமா, பிள்ளையை ஒருக்காப் பாருங்கோ” என்று குரல் கொடுத்தேன். “ஓம் ஓம்” என்று பதில் வந்தது. மாடிக்கு ஓடினேன். அலமாரியில் கடவுச்சீட்டு வைத்த இடத்தில் இல்லை. துணிகளுக்குக் கீழே இருந்தது.

அதைக் காட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது மகள் மேசைக் கதிரையில் ஏறி நின்றாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கன்னத்திலிருந்து சொட்டியது. தாளின் ஒரு ஓரம் ஊறியிருந்தது. அ கிளாஸில் அடியில் ஒரு விரற்கடை மட்டும் மிச்சம். இ கிளாஸிலும் கொஞ்சம் குறைந்திருந்தது.

“அம்மாச்சி, என்ன குடிச்சனீங்கள்?” என்று மகளிடம் கேட்டேன்.

“ஜூஸ்.”

“எந்த ஜூஸ்? காட்டுங்கோ.”

அவள் மேசையை முழுதாகக் கையால் காட்டிச் சிரித்தாள்.

அவளைத் தூக்கி வாயை முகர்ந்தேன். பிஸ்கட் மணம். அப்பிள் மணம். பியர் மணமும் இருந்ததா? என் வாயிலேயே பியர் மணம் இருந்தது, விரலிலும் இருந்தது. என் மூக்கை நான் நம்ப முடியவில்லை. மேசைக்குக் கீழே அவளுடைய அப்பிள் ஜூஸ் கோப்பை மூடி கழன்று கிடந்தது. சட்டையை நனைத்தது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வைக்கோல் நிற பியருக்கும் அப்பிள் ஜூஸுக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை.

“மாமா! பிள்ளை இஞ்ச வந்தது காணேல்லையே?”

மாமா அடுத்த அறையில் செற்றியில் சாய்ந்திருந்தார். கையில் ரீவி ரிமோட். “நான் ஒண்டும் காணேல்லை பிள்ளை. இப்பதான் இதில நிண்டவள்.”

பன்னிரண்டு கிலோ பிள்ளை. எண்பது மில்லிலீற்றர். போத்தலில் இருந்த சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். வந்த விடை பிடிக்கவில்லை. மறுபடி போட்டேன், அதே விடை. இரசாயனம் படித்ததால் வந்த ஒரே பயன் அப்போது அதுதான்: எவ்வளவு பயப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்தது.

மருத்துவ ஆலோசனை இலக்கத்தை அழைத்தேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். பிள்ளை விழித்திருக்கிறாளா, தள்ளாடுகிறாளா, என்ன குடித்தாள், எப்போது. சொன்னேன். ஒரு தாதி பேசுவார், லைனிலேயே இருங்கள், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும் என்றாள். பிறகு பாட்டு ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். மதியத் தூக்க நேரந்தான், எனக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு கொட்டாவிக்கும் அவள் கண்ணைப் பிரித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் யாரோ இதை எழுதி வைப்பார்கள். பிள்ளையைப் பியரோடு தனியே விட்ட தாய் என்று. எழுதட்டும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். உடனே, அப்படி நினைத்ததும் எழுதுகிறவர்களிடம் நல்ல பெயர் வாங்கத்தானோ என்று தோன்றியது.

பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. நான் கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல பியர் என்றால் ஒவ்வொரு வாய்க்கும் கிளாஸின் உட்பக்கத்தில் நுரை ஒரு வளையமாக ஒட்டி நிற்கும். வளையங்களை எண்ணினால் எத்தனை வாயில் குடித்தது என்று சொல்லிவிடலாம். கம்பனி கொடுத்த குறிப்பில் படித்திருந்தேன். என் மகள் எதையும் பூனைபோலச் சப்பிச் சப்பித்தான் குடிப்பாள். அ கிளாஸில் மேலே ஒரு வளையம் இருந்தது. அதற்குக் கீழே, அடிவரை ஒன்றுமில்லை. ஒரே இழுப்பு. இ கிளாஸில், இனிப்பு மணம் வீசிய சிவப்பு பியரில், ஒரே ஒரு வாய் எடுத்துவிட்டு யாரோ வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். வைத்ததும் எப்படி? இரண்டு கிளாஸும் பென்சில் வட்டத்துக்குள் அச்சொட்டாக நின்றன. ஊறிய தாளிலும் வட்டம் தவறவில்லை.

இரண்டரை வயதுப் பிள்ளை எதையும் எடுத்த இடத்தில் வைக்காது.

எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கியது சரிதானா? இரண்டு நுரை வளையத்தை நம்பி நான் போனை வைத்துவிட்டு, பிள்ளை என் மடியிலேயே மயங்கிப் போனால்? மாமாவிடம் கேட்டு, அவர் இல்லை என்று சத்தியம் பண்ணினால்? எதையும் கேட்காமல் எழுந்தேன்.

“மாமா, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுவம். நான் ராக்சிக் காருக்கு அடிக்கிறன். பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டுவிடுங்கோ.”

மாமா வந்து வாசற்படிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். மகள் வழக்கம்போலக் காலை நீட்டினாள். ஒரு சப்பாத்தைப் போட்டார். ஒட்டும் பட்டியை இழுத்து ஒட்டினார், கழற்றினார், மறுபடி ஒட்டினார். இரண்டாவதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

“பிள்ளை.”

“என்ன மாமா?”

“அது நான்.”

போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“எது நீங்கள்?”

“உந்தப் பியர். நான்தான் குடிச்சனான். பிள்ளை தன்ர ஜூஸைத்தான் கொட்டினவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாத.”

“எந்தக் கிளாஸ்?”

“முதலாவது. மஞ்சள்.”

“எத்தனை வாய்?”

“ஒரே வாய்தான் பிள்ளை.”

“வேற?”

“அமெரிக்காக்காரன்ரையில ஒரு மிடறு. கருகின சீனி மாதிரி. அதைத் துப்பவும் ஏலாமல் விழுங்கினனான்.”

எல்லாம் பொருந்தியது. அதற்குப் பிறகும் அவருடைய வாய்க்குக் கிட்டப் போய் முகர்ந்தேன். மாமனாரின் வாயை முகர்ந்து பார்த்த மருமகள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் முகத்தைத் திருப்பாமல் இருந்தார். பியர்தான்.

அந்த நேரம் தாதி லைனில் வந்தார். பிழையாக விளங்கிவிட்டது, குடித்தது வீட்டில் இருந்த பெரியவர் என்று சொன்னேன். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். பிள்ளையை இன்று முழுக்கக் கவனியுங்கள், ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே அழையுங்கள் என்றார். அந்த நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருந்தது என்றும் கேட்டார்.

“நான்” என்றேன்.

போனை வைத்தேன். மாமா இன்னும் அந்தச் சின்னச் சப்பாத்தோடு இருந்தார்.

“அவனுக்குச் சொல்லுவியோ?”

“நீங்கள் சொல்லுங்கோ. குடிச்சதைச் சொல்லுங்கோ. நான் போனோட நிக்கேக்க பேசாமல் இருந்ததையும் சொல்லுங்கோ. சொல்லும் வரைக்கும் பிள்ளையை உங்களோட விடமாட்டன்.”

நான் அவரோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. மரியாதை குறைந்துவிட்டதோ என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒரு வாய் பியரை நான் மன்னித்திருப்பேன். நான் போனோடு நின்ற அந்தப் பத்து நிமிடத்தைத்தான் முடியவில்லை.

மகள் தூங்கியதும் நெஞ்சில் கை வைத்து மூச்சைப் பார்த்துவிட்டு வந்து மேசையில் இருந்தேன். மாமா கதவடியில் நின்றார். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

“அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மாமா?”

“அங்க லீற்றர் கணக்கில குடிக்கிறவங்கள் பிள்ளை. அதுக்கு அது லேசா இறங்கோணும். குடிக்கிறவன் பக்கத்தில இருக்கிறவனோட கதைப்பான், பாடுவான், பியரைப் பற்றி யோசிக்கமாட்டான். அமெரிக்காக்காரன் சின்னக் கிளாஸில குடிக்கிறான். ஒவ்வொரு வாயும் ‘என்னைப் பார், என்னைப் பார்’ எண்டு நிக்குது.”

“சிவப்புத்தான் பழைய விழா பியர் எண்டு கம்பனிக் குறிப்பில போட்டிருக்கு.”

“ஓம். முந்தி அங்கையும் சிவப்புத்தான் எண்டு கூடாரத்தில கிழவங்கள் சொல்லுவாங்கள். பிறகு அவங்கள் மாத்திப்போட்டாங்கள். இவன் விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். வெளிநாட்டுக்கு வந்த எங்கட ஆக்கள் மாதிரி.” சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

பின்னேரம் கணவர் சப்பாத்தைக் கழற்றும்போதே மாமா சொல்லிவிட்டார். இரண்டையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. கணவர் தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நீர் எவ்வளவு நேரம் வெளியில நிண்டனீர்?”

“ஏழு நிமிசம்.”

“ஏழு நிமிசம்” என்று அவர் திரும்பச் சொன்னார். பிறகு, “திங்கட்கிழமை தொடக்கம் பிள்ளை முழுநாளும் நேசரிப் பள்ளியில நிக்கட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு வரியையும் எழுதினேன். பாதி மாமாவின் சொற்கள். மிச்ச பியரைச் சிங்கில் ஊற்றிவிட்டுப் போத்தல்களை நானே வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை வாசலில் மகள் தன் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மாமாவிடம் போனாள். பட்டி ஒட்டுவது அப்பப்பாவின் வேலை என்பது அவளுக்குத் தெரியும். மாமா கையை நீட்டவில்லை. மகனைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

முந்தின இரவு மாமாவை எதை எதைச் செய்ய விடக்கூடாது என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். சப்பாத்து அதில் இருந்ததா என்று அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

“போட்டுவிடுங்கோ மாமா,” என்றேன். “நேரம் போகுது.”