கரண்டி சுரண்டிய கிண்ணங்கள்

கோப்பன்ஹேகன் அருங்காட்சியகம் ஒன்றில் தொல்லியலாளரான அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். நரைத்த குட்டை முடி. டென்மார்க் ஆண்ட கரீபியன் தீவின் கரும்புத் தோட்டத்தில், அடிமைகளின் குடிசைகள் இருந்த இடத்தில் தோண்டியெடுத்த கிண்ணத் துண்டுகளை மேசையில் பரப்பியிருந்தார். எதை எடுத்தாலும் முதலில் பெருவிரலால் உட்புறத்தைத் தடவுவார்.

"எசமானின் தட்டுகளில் இறைச்சி வெட்டிய கத்திக் கோடுகள் இருக்கும். இவற்றில் கரண்டியால் அடியைச் சுரண்டிய கீறல்கள்தான்," என்றார் டேனிஷில்.

சில மாதங்களாகச் சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்துபோயிருந்த என் மகள் குனிந்து பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பார் பிள்ளை, அதுகள் சுரண்டித் திண்டிருக்குதுகள். நீ ஒரு பாண் துண்டைக்கூடத் தொடுறாயில்லை."

"அம்மா, ஸ்டொப்!"

தமிழ் தெரியாத அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கும் பாடம் சொல்ல அவர்கள் சுரண்டவில்லை. பசியில் சுரண்டினார்கள்."

என் குரலில் எதைக் கேட்டாரோ, தெரியவில்லை. இன்றும் வீட்டில் மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். அந்தக் கிண்ணங்களைப் பேச்சில் இழுக்காமல், மீதியை மூடி வைத்தேன்.