கோழி அடையும் நேரம்

மாட்டுங்கா லேபர் கேம்பில் என் அறை மாடியில் இருக்கிறது. இரும்பு ஏணியில் பதினொரு படி. கீழே டாக்சி ஓட்டுபவர் குடியிருக்கிறார். இரவு டூட்டி என்பதால் மாலையில்தான் தூங்குவார். பக்கத்து அறையில் இருந்த பெண் ஐரோலிக்கு வீடு மாறியபோது, அங்கே ஃபிளாட்டில் விடமாட்டார்கள் என்று முட்டையிடாத ஐந்து இளம் விடைக்கோழிகளை என்னிடம் விட்டுப் போனாள். தாய்க்கோழி அதற்கு முந்தின நாளே குழம்பாகிவிட்டது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

அவள் போன பிறகு நான் வாய்திறந்து பேசியதெல்லாம் அந்த ஐந்தோடுதான். அந்தியில் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எண்ணுவேன்.

கூரையில் பூனைகள் நடமாடுவதால் கோழிகளை அறைக்குள்ளேயே வைத்தேன். ஒரு தக்காளிப் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, உட்கார்வதற்கு உள்ளே துடைப்பக் கம்பு ஒன்றைக் கட்டினேன். அவை கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒரே மூலையில் குவியும். நடு இடம் எல்லாவற்றுக்கும் வேண்டும். ஒன்று மற்றதன் முதுகில் ஏறும், அது சரிந்து விழும், உடனே கூச்சல். அடங்கிவிட்டது என்று நான் எண்ணத் தொடங்கினால், மூன்றாவது எழுந்து பலகைத் தரையில் ஓடும். கீழே அந்தச் சத்தம் ஆணி அடிப்பதுபோல் கேட்குமாம்.

டாக்சிக்காரர் ஒரு நாள் தூக்கக் கண்ணோடு ஏறி வந்தார்.

"பெரியவரே, தெனமும் ஹாஜிரி எடுக்கீங்களே, அதுகளைத் தூங்கவும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள அடங்கலன்னா நானே கறிக்கடையில விட்டுட்டு வந்துருவேன்."

அவர் விளையாட்டாகப் பேசும் ஆள் இல்லை. தூக்கம் கெட்டு வண்டி ஓட்டுகிறவரிடம் நான் என்ன வாதாட முடியும்?

தீனியை முன்கூட்டி வைத்துப் பார்த்தேன். பெட்டிமேல் சாக்கு போட்டேன். எதுவும் பலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. மெழுகுவத்தியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தபோது கூச்சல் தணிந்து, தொண்டைக்குள் உருட்டுவதுபோல் ஒரு முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கரண்ட் வந்ததும் ஐந்தும் எழுந்துகொண்டன.

டியூப்லைட்தான் காரணம். அந்திக்கு வீடு இருண்டு கிடக்கக் கூடாது என்பாள் என் மனைவி. பொழுது இறங்குமுன் லைட் போட்டு, சாமி படங்களுக்கு விளக்கேற்றுவாள். அவள் போன பிறகு அந்தப் படங்களோடு அவள் படமும் சேர்ந்தது. விளக்கை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானமே விளக்கேற்றினேன். இன்று மட்டும் அல்ல, இனிமேல் இப்படித்தான் என்று அவளிடம் சொன்னேன். அந்தியில் சந்து முழுக்க லைட் எரிந்தது. நான் சன்னலைச் சாத்தி, இருட்டில் பெட்டியருகே உட்கார்ந்தேன். தள்ளுமுள்ளு கொஞ்ச நேரம் நடந்தது. அப்புறம் அந்த முனகல்.

இருட்டியபின் ஏணியில் காலடி கேட்டது.

"பெரியவரே, லைட்டு போடலியா? மேலுக்கு சொகமில்லையா?"

"மெதுவா. அடைஞ்சிட்டுது."

அவர் ஏறியதைவிட மெதுவாக இறங்கிப் போனார்.

சாக்கை விலக்கி, பெட்டிக்குள் கைவிட்டு எண்ணினேன். நான்குதான் வந்தது. மறுபடி தடவினேன். ஒன்று மற்றவற்றின் அடியில் புகுந்து, சூடாக, அசையாமல் தூங்கிக் கிடந்தது.

எனக்குப் பசித்தது. தட்டை எடுத்தால் சத்தம் வரும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.