வாட்ஸ்அப்பில் வந்த சேலைகள்

ஆன்லைனில் சேலை விற்கிறவன் உண்மையில் விற்பது படத்தைத்தான். சேலை என்பது பின்னால் பார்சலில் வந்து, பெரும்பாலும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஆள்.

நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டியவர் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு ராயகிரி வரை தெருத்தெருவாகச் சேலை விற்றவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. பேரமும் கோபமும் தெருவில் கற்றவை. அந்த பைக்கை விற்று லேப்டாப் வாங்கித்தான் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் கடை போட்டேன். சரக்கும், வாட்ஸ்அப்பில் அதன் படமும் சப்ளையர்கள் தருவார்கள். படத்தைக் கடையில் ஏற்றுவது என் மனைவி கோமதி. கத்துவது நான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சந்தைக்காரர்களிடமிருந்து மெயில் வரும்வரை. ‘படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு’ என்று இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் கடையை மூடிவிடுவார்களாம். திரும்பிப் போக பைக்கும் இல்லை. அந்த மெயில் வரக் காரணமானவர்களையும், வந்த பிறகு என் உயிரை எடுத்தவர்களையும் பற்றிக் கேளுங்கள்.

பூவுக்குக் காசு வேண்டாம்

சுப்பையா அண்ணாச்சி எங்கள் ஊரில் விசைத்தறி வைத்திருக்கிறார். அவர் தறியில் ஓடும் காட்டன் சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவர் முதன்முதலாக அனுப்பிய படங்களைத் திறந்த கோமதி வாயில் கை வைத்துவிட்டாள். ஒவ்வொரு சேலை மேலும் ‘இனிய காலை வணக்கம்’. நாலு மூலையிலும் ரோஜாப்பூ. நடுவில் ஆவி பறக்கிற காபி டம்ளர். தினமும் சொந்தபந்தங்களுக்கு வாழ்த்து அனுப்புகிற அதே ஆப்பில் சேலையையும் போட்டு எடுத்திருக்கிறார். பார்டர் காபிக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

போனைப் போட்டுக் கத்தினேன். “அண்ணாச்சி, நான் விக்கது சேலையா, காபியா?” அவருக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. “ஏலே, வெறும் சேலையா இருக்கக் கூடாதுன்னு பூவெல்லாம் வச்சு அனுப்புதேன். அதுக்குத் தனியா காசா கேட்டேன்?”

தார்ப்பாய் நீலம்

கரிவலம்வந்தநல்லூர் செல்லத்துரை அனுப்பிய சேலைப் படத்தில் பூவும் இல்லை, காபியும் இல்லை. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்! மயில் பார்த்தால் வெட்கப்படும். ஏற்றிய அன்றே ஆர்டர் வந்தது. பார்சலைப் பிரித்த கோயம்புத்தூர் அம்மா போன் செய்தார். “ஏனுங்க, நான் கேட்டது நீலச் சேலைங்க. நீங்க அனுப்புனது நீலம் போட்டு அலசுன வேட்டியாட்டம் இருக்குதுங்க.” பணிவாகச் சொன்ன கையோடு புகாரும் போட்டார். மெயில் வந்தது அதனால்தான்.

கொதித்துப்போய் பஸ் பிடித்துப் போனேன். செல்லத்துரை முற்றத்தில் நின்று அடுத்த சேலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மழைக்காகக் கட்டிய பெரிய நீலத் தார்ப்பாய். அதன் கீழே சேலை நீலம், செல்லத்துரை முகம் நீலம், குனிந்து பார்த்தால் என் வெள்ளை வேட்டியும் நீலம். தார்ப்பாயை நோக்கிக் கையை நீட்டி அதைக் கழற்றச் சொன்னேன். நிதானமாகச் சொன்னார்: “அதைக் கழத்தச் சொல்லுதீரு சரி, மழை வந்தா சேலை நனைஞ்சிரும்லா வே?”

இல்லாத பெண்ணுக்கு வரன்

கடையநல்லூர் காதர் பாய் சுடிதார் மொத்த வியாபாரி. வீட்டுப் பிள்ளைகளைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்ட அவருக்கு மனசில்லை. அது நியாயம்தான். அதற்காகச் செல்போனில் ஏஐயிடம் சொல்லி ஒரு பெண்ணையே உண்டாக்கி, அவளுக்குச் சுடிதாரைப் போட்டு அனுப்பிவிட்டார். பெண் லட்சணமாக இருந்தாள். கோமதி ஏற்றிவிட்டாள். சாயங்காலம் பெரிதாக்கிப் பார்த்தவள் “ஆத்தீ!” என்று அலறினாள். வலது கையில் ஆறு விரல். பாயிடம் சொன்னதும் ஒரு விரலை எடுத்து அனுப்பினார். விரலோடு சேர்ந்து சுடிதாரின் கழுத்து டிசைனும் மாறியிருந்தது. இது வினை என்று படத்தையே தூக்கிவிட்டேன்.

அதற்குள் ராயகிரியிலிருந்து ஒரு அம்மா போன். என்னிடம் பழைய வாடிக்கை. சுடிதார் வேண்டாமாம், பெண்ணின் ஜாதகம் வேண்டுமாம், மகனுக்குப் பார்க்கிறார்களாம். அப்படி ஒரு பெண்ணே கிடையாது, போன் வரைந்தது, கையில் ஆறு விரல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆறு விரல் அதிர்ஷ்டம்லா. அதே சாயல்ல நெசப் பொண்ணு எங்கனயாவது இருந்தா சொல்லும், என்ன?”

பேரத்துக்கு ஏற்ற படம்

இனி சில்லறை ஆட்களே வேண்டாம் என்று டவுனில் பெரிய மொத்தக்கடை தங்கராஜிடம் போனேன். சேலையிலிருந்து சாமி படம் வரை அவரிடம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஸ்டுடியோவில் எடுத்த சுத்தமான படம். விலையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மேஜையைத் தட்டினேன், கொடுத்த டீயைத் தள்ளி வைத்தேன், வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் நான் சொன்ன விலைக்கே இறங்கி வந்தார். வீட்டுக்கு வந்து கோமதியிடம் மீசையை முறுக்கினேன்.

படங்களை ஏற்றிய மறுநாள் மதுரையிலிருந்து ஒரு பெண் போனில் சிரிக்கிறார். “ஏண்ணே, உங்க ஊர்ல எல்லாரும் முந்தானையை வலது தோள்லயா போடுவீங்க?” ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலது தோளில்! தங்கராஜ் கடைக்குப் பறந்தேன். விஷயம் இதுதான்: ஒரே படத்தை இரண்டிரண்டு வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார். ஒரு கடையில் இருக்கிற படத்தை இன்னொரு கடையில் ஏற்ற அந்தச் சந்தை விடாது. அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி, அதைப் புதுப் படம் என்று தள்ளிவிடுகிறார். எனக்கு மட்டும் ஏன் திருப்பியது என்று குதித்தேன். கூசாமல் சொன்னார்: “நேர் படம் முழு விலை குடுத்தவங்களுக்கு. நீரு அடிச்ச பேரத்துக்குத் திருப்பிப் போட்டதுதான் கட்டுப்படியாகும் வே.”

சாமி இடம் மாறினார்

சேலைகளை எல்லாம் மொட்டைமாடி வெயிலில் விரித்து கோமதியே புதிதாகப் படம் எடுத்து ஏற்றினாள். அப்பாடா என்று இருந்தோம். தங்கராஜ் கொடுத்த படங்களில் சேலை அல்லாத ஒன்றும் இருந்ததை இருவருமே மறந்துவிட்டோம். எங்கள் ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் வாங்குவார்கள் என்று, அந்தக் கோயில் சாமி சங்கரநாராயணரின் பிரேம் போட்ட படத்தையும் விற்பனைக்கு வைத்திருந்தோம். வலப்பாதி சங்கரன், இடப்பாதி நாராயணன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் ஊரில் யாரும் சொல்வார்கள். என் கடையில் சங்கரன் இடப்பக்கம் போய்விட்டார், நாராயணன் வலப்பக்கம் வந்துவிட்டார். தினமும் கோயிலைத் தாண்டிப் போகிற நான் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது சென்னையில் இருக்கும் ஒரு வயசான அம்மா. பிறந்தது எங்கள் ஊர்தான். அவருக்குப் போன சாமி சரியாக இருந்தார். கடையில் காட்டிய சாமிதான் மாறி இருந்தார். “நீ எந்த ஊர்க்காரன்டா?” என்றுதான் போனில் ஆரம்பித்தார். ஊரைச் சொன்னேன். “சொல்லிக்கிடாதே!” என்றார். ரிட்டர்ன் பக்கத்தைத் திறந்து, ‘படம் வேறு, பொருள் வேறு’ என்பதைத் தொட்டு வைத்திருக்கிறாராம்; இன்னும் ஒரு பொத்தான்தான் பாக்கியாம். எத்தனையோ பேரிடம் வாயாடி ஜெயித்தவனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது: “அதை அமுக்குனீங்கன்னா என் கடை போச்சும்மா.” பக்கத்தில் கோமதி அழுதுகொண்டே கடையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்த அம்மா சொன்னார்: “என் வீட்டுக்கு வந்த சாமி சரியாத்தான் இருக்காரு, அவரை எதுக்குத் திருப்பி அனுப்பணும்? திருப்பி அனுப்புறதா இருந்தா உன்னையத்தான் அனுப்பணும். போ, போயி கோயில்ல நின்னு கண்ணைத் தொறந்து பாத்துட்டு வா, மூதேவி.”

வயிறு எரியத் திட்டிவிட்டு, அந்தக் கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்காமல் விடுகிற நாலு பேர் இருக்கிறவரைக்கும்தான் நம்மைப் போன்றவர்களின் கடை திறந்திருக்கும்.