ஸ்டோருக்குள் வந்த வாசம்

அந்தப் போத்தலின் மூடி கண்ணாடியால் ஆனது, உடைத்த கற்கண்டு மாதிரி. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, அரபு நாட்டு வீட்டு வேலையிலிருந்து திரும்பி வந்த அன்று தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, துவாயில் சுற்றியிருந்த அதை வெளியே எடுத்தாள். அவளுடைய எசமானியம்மா பாதி பாவித்துவிட்டுக் கொடுத்ததாம். மூடியை மெல்ல இழுத்து அதன் அடியை என் மணிக்கட்டில் ஒருமுறை தொட்டாள். முதலில் தோடம்பழத் தோலை நகத்தால் கீறின வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. இவ்வளவுதானா, வெள்ளைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு உலை வைக்கப் போனேன். சோறு வடிக்கும்போது பார்த்தால் கையில் பூ. மல்லிகை என்றும் சொல்ல முடியாது, ரோசா என்றும் சொல்ல முடியாது, இரண்டும் சண்டை போட்டுச் சமாதானமான மாதிரி. பொழுது சாய்ந்தபோது பூவும் போய், குளிப்பாட்டின பிள்ளையின் உச்சந்தலை வாசமும் சந்தனமும் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டு ஒரு நாள் முழுக்க மூன்று பேராக மாறி என்னோடு இருந்ததை நினைத்து, அன்றைக்கு நான் அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் செண்டுப் போத்தல்களை எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்னே தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களாவில் ஆயா வேலை பார்த்தேன். தொரைசாணியின் கண்ணாடி மேசையைத் துடைப்பது என் வேலை. பேர் வாசிக்கத் தெரியாததால் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். இடுப்பு ஒடுங்கின போத்தலில் சாம்பிராணி அணைந்த பிறகு கோயிலில் தங்கியிருக்கும் வாசம் இருக்கும். தோள் அகன்ற கறுப்புப் போத்தல் எனக்குப் பிடிக்காது, பழைய அலமாரிக்குள் சவர்க்காரம் வைத்த மாதிரி. பச்சைப் போத்தலில் இருந்தது ஓடிக்கொலோன். எலுமிச்சை இலையைக் கசக்கின குளிர்ச்சி, நெற்றியில் பட்டதும் பறந்துவிடும். காய்ச்சல்காரருக்குத் துணியில் நனைத்துப் போடுவார்கள். லயத்தில் எங்களுக்கு இருந்ததெல்லாம் பேபி கொலோன்தான். பிள்ளைக்கு வாங்கி, பிள்ளையைச் சாக்காக வைத்து அம்மாவும் பூசி, கடைசியில் கூட்டத்துக்குப் போகும் அப்பாவும் பூசிக்கொண்டு போவார். என் வீட்டுக்காரர் அப்படித்தான். சங்கத் தலைவர் வீட்டுக் கூட்டத்துக்குப் போனால் பால்குடி பிள்ளை நடந்து போகிற மாதிரி மணக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வந்தால் எனக்குக் கோபம் வரும், அதுதான் சுற்றிச் சுற்றிப் போகிறேன்.

என் நாத்தனார் ஸ்டோரில் வேலை பார்த்தாள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தூள் சலிக்கும் அறையில் அவளுக்கு வேலை. தேயிலைத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் குடித்துவிடும். மண்ணெண்ணெய்ப் பக்கத்தில் வைத்தால் மண்ணெண்ணெய், கருவாட்டுப் பக்கத்தில் வைத்தால் கருவாடு. அதனால் சலிக்கும் அறைக்குப் போகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, வாசனை எண்ணெய் தேய்க்கக் கூடாது, பவுடர் கூடாது. அவள் அந்தச் சட்டத்தைச் சாமி சட்டம் மாதிரி வைத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்து ஸ்டோரில் சேர்ந்த நாளிலேயே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, இத நல்ல நாளு பெரிய நாளுக்குத்தான் தொடுவேன். ஸ்டோரு கதவுகிட்ட இந்த வாசம் போச்சுன்னா என் வேல போச்சு."

சொன்னபடியே இருந்தாள். தேர்த் திருவிழாவுக்குப் பூசினால், மறுநாள் விடியும்போது தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் நின்று கைத்தோல் சிவக்கத் தேய்ப்பாள். பிறகு என்னிடம் கையை நீட்டி, "மோந்து பாருங்க அண்ணி" என்பாள். நான் இல்லை என்று சொன்ன பிறகுதான் வேலைக்குப் போவாள். அந்தக் குளிரில் அப்படித் தேய்க்கிறவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "என்னாடி, தோல உரிச்சுக் காயப்போடப் போறியா" என்று கேட்பாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் தோட்டத்துக்குப் புதுசாகப் பெரிய தொரை ஒருவர் வந்தார். அவருக்கு முன்னே அவர் வாசம் வரும். எலுமிச்சைத் தோல், இடித்த மிளகு, காலில் போடும் புதுச் சப்பாத்தின் தோல், மூன்றும் சேர்ந்த வாசம். பொய் சொல்லக் கூடாது, நல்ல வாசம். காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் அவர் நின்றுவிட்டுப் போன இடத்தில், நாங்கள் ஆள் பிரிந்து மலைக்கு ஏறும் வரைக்கும் அது நின்றுகொண்டிருக்கும். அந்த வாசத்தோடு அவர் தினமும் ஸ்டோருக்குள் போவார். சலிக்கும் அறையில் நின்று, தூளைக் கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, மறுபடி கொட்டுவார். பூ வைத்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற டீமேக்கர், ஸ்டோருக்கே பொறுப்பானவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நடப்பார்.

ஒரு தடவை கொழும்பிலிருந்து தூள் திரும்பி வந்தது. ருசி பார்க்கிறவர்கள், இதில் செண்டு வாசம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். என்ன மாதிரி வாசம், பூவா, எலுமிச்சையா, மிளகா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. செண்டு என்றதும் எல்லாரும் என் நாத்தனாரைத்தான் பார்த்தார்கள். லயத்தில் வெளிநாட்டுச் செண்டு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். பங்களாவில் எத்தனை போத்தல் இருந்தது என்று எனக்குத் தெரியும். அது கணக்கில் வரவில்லை.

தொரையின் விசாரணைக்கு முன்னால் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கத்துத் தலைவர், எங்களுக்காகப் பேச வேண்டியவர்.

"இந்தா பாரும்மா, தொரை கோவமா இருக்காரு. தெரியாம பூசிட்டேங்க, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திரு. அதோட முடிஞ்சிரும்."

"நான் பூசலயே தலைவரே."

"பூசுனியா பூசலயான்னு இப்ப யாரு கேட்டா? மன்னிப்புக் கேட்டாத்தான் தொரைக்கு மனசு எறங்கும்."

எங்கள் ஆட்களின் பழக்கம் அது. வேலைக்குப் பிந்திப் போனாலும் மன்னிப்பு, கொழுந்து குறைந்தாலும் மன்னிப்பு. தப்பு யாருடையதாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு "நான்தாங்க தப்பு" என்று சொன்னால் தொரை திட்டிவிட்டு விட்டுவிடுவார். தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் தப்பித்திருக்கிறோம். செய்யாததுக்கு என்ன மன்னிப்பு என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு. பொம்பளைங்க பேசி உள்ளதையும் கெடுத்துறாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப உங்க தங்கச்சி யாரு, ஆம்பளையா?"

இரண்டு ஆண்களும் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தார்கள். அவளும் போய், கையைக் கட்டிக்கொண்டு, தெரியாமல் பூசிவிட்டேன் என்று சொன்னாள். தொரை திட்டவில்லை. தலைவரைத் திரும்பிப் பார்த்து, "அவளே சொல்லிட்டா தானே" என்றார். அவ்வளவுதான். டீமேக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மறுநாளிலிருந்து அவளுக்கு ஸ்டோர் இல்லை, மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. முழங்கால் வீங்கி, ஏற்றம் ஏற முடியாதவள் என்று தெரிந்தும் மலை.

அன்று வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "அண்ணி, என்னயவே நான் காட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு யார் மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. தொரை மேல் பட்டேன். தலைவர் மேல் பட்டேன். வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் உப்பில்லாமல் சமைத்தேன். அவரும் பேசாமல் சாப்பிட்டார், அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் அவள் செய்த வேலையைக் கேளுங்கள். மலைக்குப் போக ஆரம்பித்ததும் தினமும் அந்தப் போத்தலைத் திறந்தாள். இடுப்பில் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒரு தொடுதல், கழுத்தில் ஒரு தொடுதல். திருவிழாவுக்கென்று ஒளித்து வைத்த சாமானை மழையிலும் அட்டைக்கடியிலும் பூசிக்கொண்டு நடந்தாள்.

"ஏ, தொரைசாணி வாறா, வழி விடுங்கடி" என்பார்கள் பெண்கள். "இந்த வாசத்துக்கு அட்ட கிட்ட வராதோ?"

"வருது அக்கா. குடிச்சிட்டு மயங்கிக் கீழ விழுது."

அவள் பறித்த கொழுந்தும் அதே ஸ்டோருக்குத்தான் போனது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. போத்தல் தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் கழுத்தில் தடவிக்கொண்டு போனாள். தொரை இதைவிடப் பெரிய தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பிரியாவிடை மாலை போட்டவர் எங்கள் தலைவர். அவளுக்கு ஸ்டோர் வேலை திரும்பிக் கிடைக்கவே இல்லை. செண்டு பூசித் தூளைக் கெடுத்தவள் என்ற பேரோடுதான் ஓய்வுக்குப் போனாள்.

இப்போது என் பேரன் துபாயில் இருக்கிறான். போன தடவை வந்தபோது, நான் போத்தலின் உருவத்தைச் சொல்லச் சொல்லப் போனில் தேடி, அதே செண்டை வாங்கி வந்தான். இன்னும் அதைச் செய்கிறார்களாம். பேத்தி பேரை வாசித்துக் காட்டினாள், நாக்கில் நிற்கவில்லை. கந்தப்பளையில் தன் மகள் வீட்டில் இருக்கும் நாத்தனாரை வரச் சொன்னேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மறுபடி மூடினாள்.

"அண்ணி, ஸ்டோரப் போயிப் பாத்துட்டு வருவோமா?"

"பூசிட்டா?"

"பூசிட்டுத்தான்."

இப்போது அந்த ஸ்டோரில் சுற்றிப் பார்க்க விருந்தாளிகளை விடுகிறார்கள். நாங்கள் இரண்டு கிழவிகளும் நல்ல சேலை கட்டி, தாராளமாகப் பூசிக்கொண்டு போனோம். எங்களோடு கொழும்புக் குடும்பம் ஒன்றும் வெள்ளைக்காரச் சோடி ஒன்றும் வந்தார்கள். எல்லார் மேலும் செண்டு. அந்த வெள்ளைக்காரர் மேலே எலுமிச்சைத் தோல், மிளகு, புதுச் சப்பாத்து. அந்தத் தொரையின் அதே வாசம். பாவம், அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சுற்றிக் காட்டுகிற பிள்ளையிடம் நாத்தனார் கேட்டாள். "செண்டு பூசியிருக்கோமே, பரவாயில்லயா?"

"பரவாயில்ல பாட்டி. எல்லாரும் பூசிட்டுத்தான் வாறாங்க. மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னாச் சரி."

தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். வாசம் அதைப் பார்த்து நின்றுவிடும்போல.

சலிக்கும் அறையில், அவள் வருஷக்கணக்காக நின்ற அதே இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை நின்றாள். எங்களைக் கடந்து போகும்போது மூக்கை உறிஞ்சிச் சிரித்தாள். "என்னா வாசம் பாட்டி இது, ஆள அப்பிடியே தூக்குது." நாத்தனாருக்கு முகம் மலர்ந்தது. தன் மணிக்கட்டை அந்தப் பிள்ளையின் கையில் தேய்த்துவிடப் போனாள். பிள்ளை பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"வேணாம் பாட்டி. எங்க மேல வாசம் அடிச்சா வேல போயிரும்."

நாத்தனாரின் கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி, கதவடியில் நின்ற இப்போதைய டீமேக்கரைக் கூப்பிட்டாள். பேரன் வயதுப் பையன். "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க. இத மோந்து பாருங்க." அவன் கூச்சத்தோடு குனிந்தான்.

"நல்லா மோந்து ஞாபகத்துல வச்சுக்குங்க. இது என்னோட வாசம். நாளைக்குத் தூளு திரும்பி வந்தா பழிய இந்தப் புள்ள மேல போட்டுறாதீங்க. இதே எடத்துல நான் பூசாமயே பூசுனேன்னு சொன்னவ. இன்னைக்குப் பூசிட்டு வந்து சொல்றேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சரி சரி என்று தலையாட்டினான். சுற்றிக் காட்டுகிற பிள்ளை எங்களை அவசரமாக வெளியே கூட்டிப் போனாள். சல்லடைக்குப் பக்கத்தில் நின்றவள் மட்டும் வேலையை விட்டுவிட்டு நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். பீங்கான் கோப்பை, கீழே தட்டு. அத்தனை வருஷம் அங்கே வேலை செய்தவளுக்கு அந்த ஸ்டோரில் உட்கார வைத்துக் கொடுத்த முதல் கோப்பை. நாத்தனார் அதை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து நிதானமாக முகர்ந்தாள். "எல்லார் செண்டும் இதுல இருக்கு அண்ணி, இப்ப யாரு மேல போடுவாங்க?" என்றாள். பிறகு ஒரு வாய்கூடக் குடிக்காமல் தட்டில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நானும் என் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.