தேனக்காவின் நாக்கு

பேருந்து நிலையத்துத் தெற்கு வாசலில் பழக்கடை வைத்திருந்தவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மற்றவர்களுக்கு அவள் தேனக்கா. கொய்யாவோ பப்பாளியோ எதை நீட்டினாலும், "தேன்! வாயில வச்சுப் பாரு, தேன்!" என்று கூவுவாள். புளிக்கிற அன்னாசியைக் கொடுத்தால்கூடப் "புளிச்ச தேன்" என்று விற்றுவிடுவாள் என்பது பஸ் டிரைவர்களின் கேலி.

அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முக்காலி ஒன்று இருந்தது, அதில் எப்போதும் தராசுதான் உட்கார்ந்திருக்கும். காலையில் புருஷன் சந்தையிலிருந்து கூடைகளை இறக்கியதும் ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று வெட்டி வாயில் போட்டுப் பார்ப்பாள். "நாக்குல படாத பழத்த விக்க மாட்டேன்" என்பாள். அப்படி ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று அவளும் கணக்குப் பார்த்ததில்லை. சமீபமாகத் தாகம் அதிகமாகியிருந்தது. கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு அடிக்கடி ஓடினாள். வெயில் காலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய அக்காவுக்குச் சர்க்கரையில் கண் போயிருந்தது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் துணியை எடுத்துப் பழங்களைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அந்த வருஷம் நாவல்பழம் வந்தபோது அவள் வாய் ஒரு படி மேலே போனது. முதல் வாரம், "சர்க்கரைக்கு நல்லது" என்றாள். அது பொய்யில்லை. அடுத்த வாரம், "சர்க்கரைய இறக்கிடும்" என்றாள். கூட்டம் கூடியது. பிறகு ஒரு நாள், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து மைக்கில் பஸ் நேரம் சொல்லும் டைம்கீப்பர் வழக்கம்போல வந்து நின்றார். சர்க்கரைக்காரர். பாக்கெட்டில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு அண்ணே இந்தக் கருமத்த முழுங்குறீங்க? நாவல்பழம் சாப்பிடுங்க, கொட்டையக் காயவச்சுப் பொடி பண்ணுங்க. மாத்திரைக்கு வேலையே இல்ல" என்று அள்ளிப் போட்டாள்.

அவர் சிரித்தார். "நெசமாவா?"

"என் மேல சத்தியமா!"

பழம் தீரும்வரை தினமும் வந்தார். பருவம் முடிந்தது. அவரும் வருவது குறைந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் மைக்கில் வேறு குரல் கேட்டது. இளங்குரல், ஊர்ப் பெயர்களைக் கடித்து விழுங்கியது. லீவாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் அதே குரல். அதற்கடுத்த நாளும். டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"தெரியாதா உனக்கு? கால்ல புண்ணாம். பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. விரல எடுக்கணும்னு பேச்சு."

அன்றைக்கு எடை தவறியது, சில்லறை தவறியது. ஒவ்வொரு முறை மைக் கரகரத்தபோதும் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள்.

"சொல்றவங்க சொன்னா கேக்குறவங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார் புருஷன். "நீ என்ன டாக்டரா?"

"அதத்தாங்க நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் என்ன டாக்டரா?"

மதியம் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நோயாளியைப் பார்க்க எல்லோரும் வாங்கிப் போவது அவள் கடைப் பழத்தைத்தான். அவளுக்குத்தான் எதை எடுத்துப்போவது என்று தெரியவில்லை. கொய்யாவை எடுத்தாள், வைத்தாள். மாதுளையை எடுத்தாள், வைத்தாள். கடைசியில் வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

வார்டு நீளமாக இருந்தது. டைம்கீப்பர் கால் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் அவர் மனைவி.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வர்றேம்மா" என்று ஆரம்பித்தாள்.

"வாம்மா, உக்காரு." தேனக்கா உட்காரவில்லை. அந்த அம்மாள் தானாகவே கொட்டத் தொடங்கினாள். "செருப்பு கடிச்ச சின்னப் புண்ணு. ஆறவே இல்ல. அப்புறம்தான் தெரியுது, ரெண்டு மாசமா மனுசன் மாத்திரையே போடல. பழத்தையும் பொடியையும் தின்னுட்டு இருந்திருக்காரு. எவளோ ஒரு பழக்காரி சொன்னாளாம். அவ நாக்கு அழுகிப் போக!"

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கால் வாசல் பக்கம் ஓர் அடி வைக்கவும் செய்தது.

"அது நான்தாம்மா."

அந்த அம்மாள் எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் தேனக்கா நினைத்தாள். அடிக்கவில்லை. "போ வெளிய" என்றாள், குரலை உயர்த்தாமல். அடி விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பேச்சு காதில் விழுந்து டைம்கீப்பர் கண் விழித்தார். "அவள ஏன் வெரட்டுற? டாக்டர் சொன்னத விட்டுட்டு அவ சொன்னதக் கேட்டது நான்தானே. மாத்திரை போடாம இருக்க எனக்கு ஒரு சாக்கு வேணும். இவ குடுத்தா, நான் பிடிச்சிக்கிட்டேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்த தேனக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. குழாயடியில் தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள். மருந்துத் தட்டோடு வந்த நர்ஸம்மா நின்று கவனித்தாள்.

"என்னக்கா, இவ்ளோ தாகம்? சுகர் பாத்திருக்கீங்களா?"

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நாவல்பழம்னா எனக்கு உசிரு."

"அப்படின்னா பாக்க என்ன பயம்? விரல நீட்டுங்க."

மீட்டரில் விழுந்த எண்ணைப் பார்த்து நர்ஸம்மாவின் புருவம் ஏறியது. தேனக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அக்காவின் வெறித்த கண்கள்தான் வந்தன.

"நாவல்பழம் தப்பா அப்போ?" என்று கேட்டாள் கடைசியில்.

"யாரு சொன்னா? நல்ல பழம்தான். கொய்யாவும் நல்லது. நார்ச்சத்து இருக்கு, சர்க்கரை மெதுவா ஏறும். ஜூஸ் போடாம கடிச்சுத் தின்னணும், அளவா. மாம்பழம், பலான்னா ஒரு துண்டோட நிறுத்திக்கணும். ஆனா பழம் சாப்பாடுதான்க்கா, மருந்து இல்ல. நாவல் கொட்டைப் பொடிய நம்பி மாத்திரைய நிறுத்துற அளவுக்கு யாரும் இன்னும் நிரூபிக்கல."

மறுநாளே டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை எழுதினார்கள். அன்றிலிருந்து காலைக் கூடைகளை ருசி பார்ப்பது புருஷன் வேலையாயிற்று. அவருக்கு எல்லாம் ஒரே ருசி. "இனிக்குது" என்பார் எதைக் கேட்டாலும். இரண்டு முறை காயைப் பழம் என்று சொல்லி நஷ்டம். தேனக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முகர்ந்து பார்க்கக் கற்றாள், விரலால் அழுத்திப் பார்த்தாள். அப்படியும் ஒரு கீற்றுக்காக நாக்கு ஊறும். அப்போது கடையை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள்.

வியாபாரமும் கொஞ்சம் படுத்தது. சர்க்கரைக்கு மருந்து கேட்டு வந்தவர்களிடம், "பழம் தர்றேன், மருந்து டாக்டர்கிட்ட கேளு" என்றாள். பலர் முகம் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே பெரிய அட்டையில் 'சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு' என்று எழுதித் தொங்கியது. ஒரு நாள் பொறுக்காமல் போய் அந்தக் கடைக்காரனிடம் சண்டை போட்டாள்.

"நீ சொன்னதத்தான் எழுதி வச்சிருக்கேன், அக்கா" என்றான் அவன். திரும்பி நடந்தபோது அவள் காது சிவந்திருந்தது.

டைம்கீப்பருக்கு ஒரு விரல் போயிற்று, பாதம் பிழைத்தது. கூண்டுக்குத் திரும்பிய அன்று மைக்கில் பழைய குரல் முதல் பஸ்ஸைச் சொன்னதும் தேனக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சாயங்காலம் அவரை அழைத்துப்போக மனைவி வந்தாள். கடையைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். தேனக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"கொய்யா குடு. ரொம்பப் பழுத்தது வேணாம். ஒண்ணு போதும்."

தேனக்கா கூடை முழுவதையும் புரட்டினாள். ஒன்றை எடுத்தாள், போட்டாள், இன்னொன்றை எடுத்து அழுத்தினாள், அதையும் போட்டாள். அந்த அம்மாள் பொறுமையில்லாமல் காத்து நின்றாள்.