உறையாத கொழுப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஆம்பூர் முழுக்கப் பேச்சு. அப்படிப்பட்டவள் தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வாயடைத்து நின்றேன்.

அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவள் நான்தான். நிச்சயம் ஆனதும் எங்கள் பன்றி போட்ட குட்டிகளில் ஒன்றைப் பேரணாம்பட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தோம். ஒன்றை நாங்கள் வளர்த்தோம். கல்யாண விருந்துக்கு இரண்டும் சேர வேண்டும், அது எங்கள் சனங்களின் வழக்கம். எங்களுடையது இளைத்து நின்றால் மானம் போகுமே! என் வீட்டுக்காரர் எண்ணெய்ச் செக்கில் வேலை செய்தார். பிசுபிசுக்கும் கடலைப் புண்ணாக்கையும் சொத்தைக் கடலையையும் வாரி வாரிப் போட்டேன். அது தளதளவென்று கொழுத்தது.

அவர்கள் தங்களுடையதை வண்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டையும் எங்கள் வீட்டில் அறுத்து, கொழுப்பை உருக்கித் தனித்தனிச் சட்டியில் வைத்தோம். தை மாதக் குளிர். விடியும்போது அவர்களுடையது வெள்ளைவெளேரென்று கெட்டியாகியிருந்தது. எங்களுடையது எண்ணெயாகவே தளும்பியது.

சம்பந்தியம்மா சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். இது நோய் கண்ட பன்றி, இதைப் பந்தியில் போடத் துணிந்த வீட்டில் பெண் எடுப்பதா என்று வண்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். உள்ளே தங்கை விசும்பினாள்.

அழுகிறவளுக்குத் தலையாவது வாரிவிடலாம் என்று தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். கவிழ்த்தாலும் வரவில்லை, உறைந்து கிடந்தது. பக்கத்தில் சமையலுக்குப் புட்டியில் வைத்திருந்த கடலையெண்ணெய் மட்டும் உறையவில்லை. ஆண்டவரே! இரண்டும் ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள். அங்கே கேழ்வரகுக் கூழும் தவிடும், இங்கே கடலை. தின்ற கடலையின் எண்ணெய் ஒரு பன்றியின் உடம்புக்குள் போயும் தன் குணத்தை விடவில்லையா? உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இரண்டு புட்டிகளையும் கொண்டுபோய் சம்பந்தியம்மா முன்னால் வைத்தேன்.

"உங்க பன்னி கூழு தின்னுச்சு, உறைஞ்சிடுச்சு. எங்களுது கடலெ தின்னுச்சு, இந்தக் கடலெண்ணெ மாதிரியே உறையல. நோவு ஒண்ணுமில்லீங்க."

அவர் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் சட்டியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். பிறகு மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அவரே எங்கள் சட்டியை அடுப்படிக்குத் தூக்கிப் போனார்.

மறுநாள் தங்கையை வண்டியேற்றும்போது என்னால் தாங்கவே முடியவில்லை, கதறிவிட்டேன். சம்பந்தியம்மா இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா அழுவுற? நீ போட்ட சோறு அவ உடம்ப உட்டு அவ்ளோ சீக்கிரம் போயிடுமா?"