எங்கள் வீட்டு வாந்திபேதி

காலை ஐந்தரை மணிக்கு என் மகன் மறுபடியும் புறவாசலுக்கு ஓடினான். திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, பாயில் விழுமுன் வாந்தி எடுத்தான். கண் குழி விழுந்திருந்தது. தண்ணீர், தண்ணீர் என்றான். கொடுத்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை.

சித்திரை மாதம். தாமிரபரணியில் தண்ணீர் வற்றி, கீழூர்களில் வாந்திபேதி என்று பேச்சு. அதைப் பற்றிய சர்க்கார் அறிவிப்பைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். அதில் கண்ட அடையாளமெல்லாம் என் ஒரே மகனிடம் இருந்தன. தெருவில் இறங்கி, பொதுக் கிணற்றில் யாரும் இறைக்க வேண்டாம் என்றேன். நோய்க்கிருமி சாகக் கிணற்றில் போடும் ஊதாப் பொடிக்காக முனிசிபாலிட்டிக்கு ஆளும் அனுப்பினேன்.

அடுத்த வீட்டு ஜவுளிக்கடைக்காரரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது, வண்டியில் ஏற்றக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டதும் அவர், மகளைச் சேரன்மகாதேவியில் உறவினர் வீட்டில் விட்டுவிடலாம் என்று வண்டி பூட்டச் சொன்னார்.

மாட்டுச் சலங்கை கேட்டு மகன் கண்ணைத் திறந்தான். யார் போகிறார்கள் என்று கேட்டான். சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கொழும்புக்குப் போகும் சிநேகிதனுக்காக ராத்திரி ஆற்று மணலில் விருந்து நடந்ததையும், தான் சாராயம் குடித்ததையும் அந்தச் சுவரிடம்தான் சொன்னான்.

நான் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியதுதான். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது. வெளியே ஒரு கர்ப்பிணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

குடித்த மறுநாள் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் மதுவின் தீமையைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். குடும்பம் அழிவதைச் சொல்வேன், நாக்கு வறள்வதைச் சொன்னதில்லை. சாராயம் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றிவிடும் என்றும், தண்ணீர் இழந்த முகம் எந்த நோயிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றும் பின்னால் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் வெளியே போனேன். வண்டிக்காரனுக்குக் கேட்காதபடி ஜவுளிக்கடைக்காரரின் காதோரம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, எங்க பயத்தைப் போக்கணும்னு சொல்லுதீரு. ஒம்ம வீட்டுல சாராயமா? யாருகிட்ட சொல்லுதீரு வே?"

சத்தியம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் வாலிபத்துல குடிச்சவந்தான். மறுநாள் தலை இடிக்கும், குமட்டும். வயித்தாலயா போகும்? பிள்ளையப் போயிப் பாரும்."

 வயிற்றுப்போக்கு பொய்யில்லையே, நானே கண்ணால் பார்த்தேன். ஒருவேளை இரண்டுமே இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் மகன் குடித்திருக்கிறான் என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். வாசல்களில் நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பிள்ளை போய்விடுவானோ என்ற கவலையில் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டதாக ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். வண்டிக்காரன் என் விரல்களைப் பைய விடுவித்தான். உள்ளே அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

அப்போது கூட்டம் சட்டென்று விலகியது. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துதான் விலகினார்கள். தலையில் ஈரத்துண்டோடு, வெயிலுக்குக் கண்ணை மூடியபடி, என் மகன் வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அப்பா சொல்லுதது நெசம். குடிக்கதுக்கு முன்னால எண்ணெய் குடிச்சா மறுநாள் தலை வலிக்காதுன்னானுவ. வீட்டுல வெளக்கெண்ணெய்தான் இருந்துச்சு, அரைக் குப்பி குடிச்சேன். அதான் இப்படிப் போவுது. மதினிய எறக்குங்க."